காணி அவளது, கையொப்பம் அவனதா?

யாழ்ப்பாணத்திலே ஒரு தமிழ்ப் பெண்ணின் கழுத்திலே தாலி ஏறும் வேளையில் நாதசுரம் முழங்குகிறது, தவில் அதிர்கிறது, பெரியோர் அறுகரிசி தூவி வாழ்த்துகின்றனர். அதே வேளையிலே, பந்தலில் இருக்கும் ஒருவர் கண்ணுக்கும் புலப்படாமல், சட்டமும் ஒரு கிரியை செய்கிறது. அன்று காலைவரை அவள் தன் பெயரிலுள்ள காணியைத் தானே விற்கலாம், ஈடு வைக்கலாம், குத்தகைக்குக் கொடுக்கலாம். அன்று மாலை முதல், அதே காணிக்கு, அதே உறுதிக்கு, அவள் கையொப்பம் மட்டும் போதாது. கணவனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காணி அவளுடையது, திறப்பு அவனுடையது!

இது பழங்கதையன்று. 1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசம் பற்றிய கட்டளைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு. தேசவழமை ஆளும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் தலைமேலும் இன்றும் இருக்கும் பிரிவு. வெள்ளையன் போய்விட்டான், முடியாட்சி போய்க் குடியரசு வந்துவிட்டது, இப்பிரிவு மட்டும் போகவில்லை.

அந்தப் பிரிவு சொல்வதை நிதானமாகப் பாருங்கள். மணமான பெண்ணின் ஆதனம் அவளுடைய தனி ஆதனம் என்கிறது. கணவனின் கடனுக்கு அது பொறுப்பன்று என்கிறது. நல்லது. அசையும் ஆதனத்தை அவள் கணவனைக் கேளாமலே கொடுக்கலாம் என்கிறது. அதுவும் நல்லது. அசையா ஆதனத்துக்கு மாத்திரம் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. பின்னர், அதே மூச்சிலே, மரணசாதனத்தின் மூலம் எதனையும் எவருக்கும் அவள் கணவனைக் கேளாமலே எழுதலாம் என்கிறது!

கழுத்திலே கிடக்கும் இருபது பவுண் அட்டியலை அவள் விற்கலாம். அதற்கு அவளுக்குப் புத்தி போதும். இரண்டு பரப்புப் பனங்காணியை விற்க மட்டும் அவளுக்குப் புத்தி போதாது. நோயிலே விழுந்து, மரணப்படுக்கையிலே கை நடுங்க ஒப்பமிட்டால் முழுத் தோட்டத்தையும் எவருக்கும் எழுதி வைக்கலாம். உடல்நலத்தோடு, தெளிந்த அறிவோடு, நொத்தாரிசின் முன்னே நிமிர்ந்து இருக்கும்போது ஒரு பரப்பையும் எழுத முடியாது. சாகும்போது வரும் அறிவு வாழும்போது இல்லையென்று கூறும் இச்சட்டத்துக்கு எந்த நீதிநூலிலே நியாயம் தேடுவது?

நியாயம் சட்டநூலில் இல்லை. அது நமது மனத்திலே இருக்கிறது. பெண்ணையும் அவளது உடலையும் பற்றி நாம் நெடுங்காலமாக வளர்த்துவந்த எண்ணமே அந்த நியாயம். பெண் காவலுக்குரியவள். அவள் தந்தையின் காவலிலிருந்து கணவனின் காவலுக்கு மாற்றப்படுகிறாள். காவலில் இருப்பவள் காணிக்கு உரிமைக்காரியாயிருக்கலாம், எசமானியாயிருத்தல் ஆகாது. கற்பு என்னும் பெயராலே வீட்டுக்குள் வைத்த காவலையே சட்டம் என்னும் பெயராலே உறுதிப் பெட்டிக்குள்ளும் வைத்தோம்.

வழமை என்று எதனைச் சொல்கிறோம்?

"இது எங்கள் வழமை, எங்கள் பண்பாடு, இதிலே கை வைக்காதே" என்று நரைத்த தலைகள் சிலவும், நரைக்காத தலைகள் பலவும் கூறுகின்றன. பண்பாட்டின்மேல் எனக்கும் பற்றுண்டு. அதனாலேயே, எது பண்பாடு, எது பண்பாட்டின் முகமூடி என்று பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

தொல்காப்பியர் காலத்துத் தமிழர் களவையும் கற்பையும் ஒரே வாழ்வின் இரு பகுதிகளாகக் கண்டனர். ஒருவனும் ஒருத்தியும் தாமே கண்டு, தாமே விரும்பிக் கூடுவதை அவர் இலக்கணம் குற்றமென்று ஒதுக்கவில்லை. அதற்கு அகத்திணையிலே இடம் வகுத்தது. கரணம் என்னும் மணச் சடங்கு ஏன் வந்தது என்பதற்கும் அந்நூல் காரணம் கூறுகிறது. வாக்குக் கொடுத்தவர் வாக்கு மாறத் தொடங்கியதால், அதனைத் தடுக்கப் பெரியோர் வகுத்த ஏற்பாடு அது. வாக்குத் தந்து பின்பு மறுக்கும் ஆடவனைக் கட்டுவதற்காகக் கட்டப்பட்ட கயிறு, காலப்போக்கிலே பெண்ணின் கழுத்திலே மட்டும் இறுகிய விந்தையை என்னென்பது!

அடுத்துத் தேசவழமைக்கு வருவோம். ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் கேட்டுக்கொண்டபடி, யாழ்ப்பாணத்திலே நீண்டகாலம் உத்தியோகம் வகித்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706 இல் இந்நாட்டு வழமைகளைத் திரட்டி, 1707 தொடக்கத்திலே எழுதிக் கொடுத்தார். அது தமிழாக்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டப்பட்டது. அவர்கள் சரியென்றனர். 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலுக் கொடுத்தனர். நாம் தொன்மையென்று தொழும் ஏட்டின் பிறப்பு இதுவே. கேட்டவர் ஒல்லாந்தர்; சொன்னவர் ஆடவர்; சரிபார்த்தவர் பன்னிரண்டு முதலியார்கள். ஒரு பெண்ணையாவது கேட்டனரோ? அந்த முதலியார்களின் வீட்டுப் பெண்களைத்தானும் கேட்டனரோ?

அந்த ஏட்டிலே மனைவி கணவனின் விருப்பத்துக்கு அடங்கியவள் என்ற எண்ணம் இருக்கத்தான் செய்கிறது. அவனறியாமல் அவள் எதனையும் நன்கொடை செய்யலாகாது என்று அது கூறுகிறது. அதனை நான் மறைக்க வரவில்லை. பழி முழுவதையும் பரங்கியின் தலையிலே போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. ஆயினும் அதே ஏட்டிலே வேறு சிலவும் உள. அவற்றை நாம் வாய்ப்பாக மறந்துவிட்டோம்.

தாயின் சீதனம் மகளுக்குச் செல்லும் என்பது அதிலே உண்டு. பெண்வழியாகப் பெண்ணுக்கு இறங்கும் நிலம் என்பது உலகின் பல நாடுகளிலே கனவாயிருந்த காலத்தில் எம்மிடம் வழமையாயிருந்தது. கணவனும் மனைவியும் பிணங்கிப் பிரிந்து வாழும்போது, அவளது சீதனத்திலிருந்து அவன் எதனையும் கொடுக்க முடியாது என்பதும் அதிலே உண்டு. கைம்பெண் மறுமணம் செய்தால் முதல் தாரத்துப் பிள்ளைகளின் பங்கு என்ன, இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளின் பங்கு என்ன என்றெல்லாம் அமைதியாகக் கணக்குச் சொல்கிறது அந்த ஏடு. வசையில்லை, சாபமில்லை, முகஞ் சுழிப்பில்லை. மழை பெய்தால் விதைப்பது போலக் கைம்பெண் மறுமணம் செய்வதும் உலக நடப்பு என்றே அது எழுதிச் செல்கிறது.

அந்த யாழ்ப்பாணம் எங்கே, கைம்பெண் எதிரே வந்தால் "முழுவியளம் சரியில்லை" என்று படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே திரும்பும் இந்த யாழ்ப்பாணம் எங்கே? தன் மகளின் கூறைத்தட்டைத் தான் தொடாமல் ஒதுங்கி நிற்கும் தாயை நீங்கள் கண்டதில்லையா? இது முப்பாட்டன் தந்த வழமையன்று. உத்தியோகமும் அந்தஸ்தும் வந்த பிற்காலத்திலே, "எங்கள் பெண்களே ஒழுக்கமானவர்கள்" என்று பாதிரிமாரோடும் அயலவரோடும் போட்டியிட்ட கனவான்கள் கடுமையாக்கிய வழமை. எளிய மக்கள் கூறை கொடுத்துச் சோறுண்டு மணம் முடித்த காலத்திலே இத்தனை இறுக்கம் இருக்கவில்லை. கௌரவம் ஏற ஏற, அதன் பாரம் பெண்ணின் தலையிலேயே ஏறிற்று.

ஆங்கிலேயன் வசனத்துக்கு ஆலாத்தி

இனி, நமது பண்பாட்டுக் காவலர்கள் அறியாத ஒரு செய்தியைச் சொல்லுகிறேன். ஆறாம் பிரிவிலே உள்ள அந்தச் சம்மத வாசகம் தேசவழமை ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டதன்று. 1876 ஆம் ஆண்டு, தேசவழமைக்கு உட்படாத ஏனைய இலங்கையர் பலருக்காக ஆங்கில அரசு ஆக்கிய 15 ஆம் இலக்க விவாக உரிமைகள் பற்றிய கட்டளைச் சட்டத்திலே இதே வாசகம் இருந்தது. அசையா ஆதனத்துக்கு எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், மரணசாதனத்துக்குச் சம்மதம் வேண்டாம் என்ற அதே முறை. முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர், 1911 இல் யாழ்ப்பாணத்துக்கெனச் சட்டம் ஆக்கியபோது அந்த அச்சிலேயே வார்த்தார்கள்.

அதற்கிடையிலே என்ன நடந்தது? 1882 இலேயே இங்கிலாந்து தன் நாட்டு மனைவியருக்குத் தம் ஆதனத்தைத் தாமே ஆளும் உரிமையைக் கொடுத்துவிட்டது. இலங்கையிலும் 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் வந்து, 1876 ஆம் ஆண்டு விலங்கை உடைத்தது. கொழும்பிலும் காலியிலும் கரையோரச் சிங்களப் பெண் மணமாகாத பெண்ணைப் போலவே தன் காணியைத் தானே ஆளத் தொடங்கினாள். அந்த 1923 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டவருள் தேசவழமைக்கு உட்பட்ட தமிழரும் அடங்குவர்.

எஞ்சியது என்ன? ஆங்கிலேயன் ஆக்கி, ஆங்கிலேயனே பிழையென்று கண்டு பிறருக்கு நீக்கிய ஒரு வசனம், வடக்குத் தமிழ்ப் பெண்ணின் கழுத்திலே மட்டும் தொங்குகிறது. அதற்கு நாம் ஆலாத்தி எடுக்கிறோம். "ஆதித் தமிழர் வழமை" என்று மாலை போடுகிறோம். இதைவிடப் பெரிய பரிகாசம் உண்டா?

1931 இலே இந்நாட்டுப் பெண்களுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1932 இலே நேசம் சரவணமுத்து அம்மையார் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தமிழ்ப் பெண்ணொருவர் நாட்டுக்கே சட்டம் ஆக்கும் ஆசனத்தில் அமர்ந்த அந்த நாளிலும், யாழ்ப்பாணத்து மனைவி தன் வளவை ஈடு வைக்கக் கணவனின் கையொப்பத்துக்குக் காத்திருந்தாள். 1947 இலே 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். தேடிய தேட்டம் என்றால் என்ன, அது யார் யாருக்கு எப்படிப் போகும் என்று நுணுகி நுணுகித் திருத்தினார்கள். ஆறாம் பிரிவின் சம்மத வாசகத்தை மட்டும் தொடவில்லை. மறதியா? மனமின்மையா?

"வழமையிலே ஒரு கல்லை எடுத்தால் கோபுரமே சரியும்" என்பார்க்கு ஒரு கேள்வி. 1706 ஆம் ஆண்டு ஏட்டிலே அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருக்கிறதே, வாசித்தீர்களா? அடிமைப் பெண்ணின் பிள்ளைகள் எந்த எசமானுக்கு உரியர் என்று அதிலே விதி உண்டு. அதுவும் தேசவழமைதான். 1844 இலே இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது அந்தப் பகுதி செத்தது. அதனால் தமிழ்ப் பண்பாடு சரிந்ததா? நல்லூர்த் தேர் நின்றதா? வழமையிலே அழுகிய பகுதியை வெட்டி எறியலாம், மரம் பிழைக்கும். இதனைத் தோட்டக்காரனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு தாயின் சத்தியக்கடதாசி

இது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோருக்காக, என் அலுவலகத்துக்கு வந்த ஒரு தாயைப் பற்றிக் கூறுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்து பிள்ளைகளை வளர்ப்பவர். 2009 மே மாதத்திலே முள்ளிவாய்க்காலில் கணவரைப் பிரிந்தவர். இன்றுவரை தகவல் இல்லை. குடாநாட்டிலே தகப்பன் சீதனமாகக் கொடுத்த நாலு பரப்புத் தோட்டக் காணி அவர் பெயரில் இருக்கிறது. மகளின் படிப்புச் செலவுக்காக அதனை ஈடு வைக்கப் போனார். நொத்தாரிசு உறுதியைப் புரட்டினார். விவாகப் பதிவைப் பார்த்தார். "அவரின்ரை கையெழுத்து வேணும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, சட்டம் அப்படித்தான்.

அந்தத் தாய் சொன்ன மறுமொழியை என்னிடம் திருப்பிச் சொன்னார்: "ஐயா, அவர் எங்கை எண்டு நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. நான் நடந்தெண்டாலும் போய்க் கையெழுத்து வேண்டிக்கொண்டு வாறன்."

சட்டத்திலே வழியில்லையா என்றால், உண்டு. எட்டாம் பிரிவின்படி, கணவன் கைவிட்டுப் போனாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, சித்தம் கலங்கியவனாயினோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச்செய்து அனுமதி பெறலாம். அவருக்காக அந்த மனுவை எழுதினேன். சத்தியக்கடதாசியிலே "எனது கணவர் இருக்குமிடம் எனக்குத் தெரியாது" என்ற வரிக்கு வந்தபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கணவர் எங்கேயென்று ஆண்டுக்கணக்காகத் தெருவிலே நின்று கேட்டவர் அவர். பதில் தரவேண்டியோர் தரவில்லை. இப்பொழுது, கேள்வி கேட்டவளே "எனக்குத் தெரியாது" என்று சத்தியம் செய்ய வேண்டும். தன் தகப்பன் வியர்வை சிந்தி வாங்கிக் கொடுத்த காணிக்காக!

நீண்ட நேரம் கழித்து ஒப்பமிட்டார். அன்று அவர் குனிந்த தலையை நான் மறக்கவில்லை.

2010 ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டம், ஓராண்டுக்கு மேலாகக் காணாமற் போனோருக்கு மரணப் பதிவு பெற வழிசெய்தது. அதனை ஏற்றால் அவர் கைம்பெண், சம்மதம் வேண்டாம். ஆனால் உயிரோடு இருக்கலாம் என்று நம்பும் கணவனை எழுத்திலே கொல்ல வேண்டும். 2016 இலே காணாமற் போனமைக்கான சான்றிதழ் வந்தது. அதனைப் பெற்றால் அவர் மனைவியுமல்லர், கைம்பெண்ணுமல்லர். பொட்டை அழித்தால் நம்பிக்கையை அழித்தாய் என்கிறது உள்ளம். பொட்டை வைத்தால் வெட்கமில்லையா என்கிறது ஊர். இரண்டுக்கும் நடுவே, கையொப்பம் எங்கே என்கிறது சட்டம். வடக்கிலே போருக்குப் பின் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் எத்தனை ஆயிரம்! ஏர் பிடிக்கும் கை அவளது. கடன் கட்டும் கை அவளது. உறுதியிலே ஒப்பமிடும் கை மட்டும் அவளது அன்றாம்.

உழவர் பெருமக்களே, குடியேற்றத் திட்டக் காணிகளிலும் இதே எண்ணமே ஆண்டது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலே, பின்னுரிமையாளர் குறிக்கப்படாதவிடத்துப் பிள்ளைகளுள் ஆணுக்கே முதலிடம் கொடுக்கப்பட்டது. அதனைத் திருத்த 2022 வரையில், எண்பத்தேழு ஆண்டுகள் சென்றன. கணவன் இறந்தபின் அக்காணியை அனுபவிக்கும் மனைவி மறுமணம் செய்தால் காணி கைமாறும் என்றும் அச்சட்டத்திலே எழுதினார்கள். துணைவர் என்று பொதுவாகச் சொன்னாலும், அந்த விதியின் அடி யார்மேல் விழுந்தது என்பதை இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் கேட்டுப் பாருங்கள். இன்னொரு ஆடவனோடு வாழ்ந்தால் அவள் வயலை விட்டு வெளியேற வேண்டும்! வயலுக்கும் படுக்கைக்கும் முடிச்சுப் போட்டவன் எவன்?

மறுப்பாருக்கு மறுமொழி

"நல்ல கணவன் சம்மதம் மறுக்கவா போகிறான்?" என்பார்கள். நல்ல கணவனுக்காகச் சட்டம் வேண்டியதில்லை. குடிகாரனுக்காகவும், சூதாடிக்காகவும், வெளிநாடு சென்று அங்கே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு இங்கே சம்மதக் கடிதத்துக்கு விலை பேசுபவனுக்காகவுமே சட்டத்தைப் பற்றி நாம் பேசுகிறோம்.

"எட்டாம் பிரிவு இருக்கிறதே?" என்பார்கள். இருக்கிறது. வழக்குச் செலவு இருக்கிறது, தவணை இருக்கிறது, ஊர் வாய் இருக்கிறது. தன் வீட்டுக் கதவைத் திறக்க நீதிமன்றத்திலே திறப்பு வாங்கு என்று சொல்வது உரிமை ஆகாது.

"பெண் காணியைப் பிறத்தியாருக்கு விற்றுவிடுவாள், தமிழர் நிலம் பறிபோகும்" என்பார்கள். இதுவே கனமான வாதம். நிலத்துக்காக இத்தனை இழந்த மக்களிடம் இதனை இலேசாகத் தள்ள முடியாது. ஆயின், கணவன் தன் முதுசக் காணியை எவருக்கு விற்றாலும் மனைவியின் கையொப்பம் வேண்டியதில்லையே! ஆண் விற்றால் பறிபோகாத நிலம் பெண் விற்றால் மட்டும் பறிபோகுமா? காணி பங்காளிகளைவிட்டுப் போகாமல் காப்பதற்கென்றே 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது ஆண், பெண் என்று பாராமல் நிலத்தைக் காக்கிறது. நிலத்துக்குக் காவல் அதுவே. ஆறாம் பிரிவு நிலத்துக்குக் காவலன்று, பெண்ணுக்குக் காவல்.

பெண்ணைப் பெற்ற தகப்பன்மாரிடம் ஒன்று கேட்கிறேன். புகையிலைத் தோட்டத்திலே துலா மிதித்தும், வெங்காயம் தூக்கியும், வட்டிக்கு வாங்கியும் மகளுக்கு ஏன் காணி எழுதினீர்கள்? நாளைக்கு மருமகன் எப்படி நடந்தாலும் மகள் நடுத்தெருவிலே நிற்கக் கூடாது என்பதற்காகவன்றோ? அந்தக் காணியின் திறப்பைச் சட்டம் கொண்டுபோய் அதே மருமகனின் சட்டைப்பையிலே போட்டிருப்பதை அறிவீர்களா? வைத்தியர் மாப்பிள்ளைக்கும் பொறியியலாளர் மாப்பிள்ளைக்கும் டொனேசன் பேசி, வீடு பேசி, காணி பேசி எழுதும் படித்த பெருமக்களே, நீங்கள் மகளுக்குக் கொடுத்தது ஆதனமா, மாப்பிள்ளையின் அனுமதிச் சீட்டுக்கு உட்பட்ட ஒரு கடதாசியா?

சம்மதம் என்னும் சொல்

சட்டத்தின் மூன்றாம் பிரிவையும் காண்க. தேசவழமைக்கு உட்படாத பெண், தேசவழமைக்கு உட்பட்டவனை மணந்தால், அந்த மணவாழ்வின் காலத்திலே அவளும் அதற்கு உட்படுவாள். தேசவழமைப் பெண் வெளியாளை மணந்தால், அவள் அதிலிருந்து விலகுவாள். ஆடவன் யாரை மணந்தாலும் அவனுடைய சட்டம் அவனோடேயே இருக்கும். ஆண் மரம், பெண் கொடி. மரத்துக்கேற்பக் கொடி!

காணியோடு இது நின்றுவிடவில்லை. 1995 ஆம் ஆண்டிலே தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, மனைவியின் விருப்பமின்றி அவளைக் கூடும் கணவன் குற்றவாளியாவது, நீதிமன்றம் அவர்களைப் பிரித்துத் தீர்ப்பளித்திருந்தால் மட்டுமே என்று எழுதினார்கள். இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவளுடைய காணியைத் தொட அவனுடைய சம்மதம் வேண்டும். அவளுடைய உடலைத் தொட அவளுடைய சம்மதம் வேண்டியதில்லை! ஒன்று வடக்குக்குரியது, மற்றையது நாடு முழுவதற்கும் உரியது. ஆயினும் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். விவாகம் என்பது பெண் ஒருமுறை தலைகுனிந்து கொடுத்துவிட்டு, பின்னர் ஒருபோதும் திருப்பிக் கேட்க முடியாத சம்மதம் என்ற பழைய எண்ணமே அந்தத் தாய்.

அரசியல் யாப்பிலே சமத்துவம் இல்லையா என்று கேட்பீர்கள். 1978 ஆம் ஆண்டு யாப்பின் 12 ஆம் உறுப்புரையிலே உண்டு. பால் காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்று அழகாக எழுதியிருக்கிறது. ஆனால் 16 ஆம் உறுப்புரை, யாப்புக்கு முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லும் என்கிறது. முன் வாசலால் வந்த சமத்துவம் பின் வாசலால் வெளியேறிற்று. ஆகவே நீதிமன்றம் இதனைத் தீர்த்து வைக்கும் என்று காத்திருத்தல் வீண். சட்டத்தை ஆக்கிய மன்றமே அதனை நீக்க வேண்டும்.

"இப்போது இனத்தின் உரிமையே முதன்மை, வீட்டுப் பிரச்சினையைப் பின்னர் பார்ப்போம்" என்று என் அரசியல் நண்பர்கள் சிலர் கூறுகிறார்கள். அவர்களுடன் மேடை ஏறியவன் என்ற உரிமையோடு கேட்கிறேன்: 1956 இலே தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது நாம் சொன்னது என்ன? எங்கள் சம்மதமின்றி எங்கள்மேல் சுமத்திய சட்டம் எங்களைக் கட்டாது என்றோமே! எங்கள் நிலத்தைப் பற்றி நாங்களே முடிவு செய்வோம், எங்களுக்குக் காவலர் வேண்டாம் என்றோமே! அதே சொற்களை இன்று நம் வீட்டு அடுப்படியிலிருந்து ஒருத்தி திருப்பிச் சொன்னால், "பொறு, இது வழமை" என்று எந்த முகத்தோடு சொல்வோம்? கொழும்பு நமக்குச் சொன்ன மறுமொழியையே நாம் நம் பெண்ணுக்குச் சொல்வதா?

இதனைக் கொழும்பு வந்து திருத்தும்வரை காத்திருப்பது நமக்கு மானக்கேடு. நம் வழமையிலுள்ள பிழையை நாமே திருத்துவதுதான் சுயநிர்ணயத்தின் முதற் பாடம். ஆகவே மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது: தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள், கட்சி வேறுபாட்டை மறந்து, 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவிலுள்ள சம்மத வாசகத்தை நீக்கும் தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். சில வரிகள் போதும். தாய்வழிச் சீதனம், தேடிய தேட்டத்திலே சரிபாதி, முற்கொள்வனவு என்னும் நல்லன யாவும் அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது: மூன்றாம் பிரிவு திருத்தப்பட்டு, பெண் தன் சட்டத்தை மணத்தால் இழவாதவாறு செய்யப்பட வேண்டும்.

மூன்றாவது: அதுவரையிலும், வடக்கிலுள்ள சட்டத்தரணிகளாகிய நாம், காணாமற் போனோரின் மனைவியர் எட்டாம் பிரிவின் கீழ்ச் செய்யும் மனுக்களைக் கட்டணம் வாங்காமல் நடத்த வேண்டும். இதற்குப் பாராளுமன்றம் வேண்டியதில்லை, மனம் போதும்.

வற்றாப்பளையிலே பொங்கல் பொங்கிக் கண்ணகியை வணங்குகிறோம். அவள் கற்புக்கு அணிகலன் என்று மேடை மேடையாக முழங்குகிறோம். அந்தக் கண்ணகி தன் சிலம்பைக் கணவன் கையிலே தானே விரும்பிக் கொடுத்தாள். அவன் கொலையுண்டபோது, நீதி கேட்டுத் தனியளாய் மன்னன் அவைக்குச் சென்றாள். வாயிலோன் அவளிடம் கணவனின் சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்கவில்லை. பாண்டியன் அவைக்கு இருந்த அறிவு நமது சட்டத்துக்கும் வரட்டும்.